அல்லிக்கு எழுதிய பெயர்

பதினொரு நிமிடத்தில் டாக்டர் தியாகேசன் எழுதி முடித்துவிட்டார். காளியம்மாள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்கு நன்றாகத் தெரியும். புளியஞ்சேரியிலிருந்து நடந்து, பாபநாசத்தில் பஸ் பிடித்து, தஞ்சாவூரில் இன்னொரு பஸ் மாறி, அந்தக் கிளினிக் வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த பதினொரு நிமிடம்.

பிள்ளை தூங்குகிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். ஓயாமல் பேசுகிறாளா? ஆமாம். காரணமில்லாமல் சிரிக்கிறாளா, அடிக்கிறாளா? ஆமாம். அப்புறம் நாலைந்து நாள் சுருண்டு படுத்துவிடுகிறாளா? அதுவும் ஆமாம். குடும்பத்தில் யாருக்காவது மனசு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டபோது காளியம்மாள், புருஷனின் அக்கா ராமாயி பத்தொன்பது வயதில் இப்படித்தான் ஆடிப் பாடித் திரிந்து, அப்புறம் முடங்கிக் கிடந்து, ஒருநாள் குடமுருட்டி ஆற்றில் மிதந்தாள் என்பதைச் சொன்னாள். அதற்குமேல் டாக்டர் எதையும் கேட்கவில்லை.

"இது பைபோலார்ம்மா. மனசு ஒரு நேரம் உச்சாணிக் கொம்புல நிக்கும், ஒரு நேரம் பாதாளத்துல கிடக்கும். ரத்தத்துல வர்றது. மாத்திரை எழுதியிருக்கேன், நிறுத்தாம குடுங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்."

அல்லிக்கு அப்போது ஒன்பது வயது. மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டுக்குள் எத்தனை குமிழி இருக்கிறது என்று விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அவர்களைத் தஞ்சாவூருக்குத் துரத்தியது பள்ளிக்கூடம். புளியஞ்சேரியில் இருந்த ஒரே பள்ளி, பழைய மிராசு வீட்டார் நடத்தியது. அண்ணன் வாஞ்சிநாதன் சென்னையில் ஆடிட்டர். தம்பி நாகேஸ்வரன் பாங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, பள்ளியின் தாளாளராக இருந்தார். அல்லி பாடம் நடக்கும்போது எழுந்து பேசுகிறாள், ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து வாலாம்பாள் டீச்சர்மீது வீசினாள், மதில்மேல் ஏறி நின்று இறங்கமாட்டேன் என்கிறாள் என்று வரிசையாகப் புகார் வந்தது. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த காகிதம் இல்லாமல் அவளை வகுப்பில் உட்காரவைக்க முடியாது என்று நாகேஸ்வரன் ஆள் விட்டுச் சொன்னார்.

அவர் ஆள் விட்டதில் ஓர் அர்த்தம் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவர் இன்னொரு காரியத்துக்கும் ஆள் விட்டிருந்தார்.

காளியம்மாளின் மாமனார் வீரையன், மிராசு நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நாற்பது வருஷம் குத்தகைக்கு உழுதவர். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது விவசாயச் சங்கத்துக்காரர்கள் கூடவே நின்று அவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அவர் செத்ததும் வாரிசாகத் தன் பெயரை ஏற்றக் கேட்டு அவர் மகன், காளியம்மாளின் புருஷன் மருதையன் மனுப் போட்டான். அண்ணன் தம்பி இருவரும் ஆட்சேபம் போட்டார்கள். நிலத்தை மனைப்பிரிவு போட விற்கப் பேசி முடித்துவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாங்க வந்தவன் ஆளுங்கட்சிக்காரன். மருதையனும் அதே கட்சிதான். கிளைக் கொடிக்கம்பம் நட்டவன். ஒன்றியச் செயலாளர் இருவரையும் கூப்பிட்டு, விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி மருதையனிடம் மட்டும் பேசினார். மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. இன்னும் ஆறு நாளில் அறுப்பு. மருதையன் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவைக்கப் பாபநாசம் போயிருந்தான். காளியம்மாள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். குருவி விரட்ட அல்லி மட்டும் தகர டப்பாவோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி வெயிலில் பொக்லைன் ஒன்று வந்து வயலுக்குள் இறங்கியது. கூட நாலு ஆட்கள். ரோட்டில் காரை நிறுத்தி, குடை பிடித்துக்கொண்டு நாகேஸ்வரன் நின்றார்.

அல்லி ஓடிப்போய் மிஷினுக்கு முன்னால் நின்றாள். ஒருவன் அவளைத் தூக்கினான். அவன் கையைக் கடித்தாள். அவன் அவளைச் சேற்றில் வீசினான். மிஷின் திரும்பியபோது அதன் இரும்புப் பட்டை அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. காளியம்மாள் ஓடிவருவதற்குள் பாதி வயல் சேறாகியிருந்தது. ரோட்டில் நின்ற காரும் போய்விட்டிருந்தது. அல்லி எழுந்து நின்று அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

போலீஸில் இரண்டு தரப்பிலும் புகார். நாகேஸ்வரன் அன்றைக்குக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாக மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர் ரோட்டில் குடையோடு நின்றார் என்று சொல்ல இருந்தது அல்லி ஒருத்திதான்.

அந்த வாரத்திலிருந்துதான் அவள் தூங்காமல் போனாள். இதை எல்லாம் காளியம்மாள் டாக்டரிடம் சொல்லவில்லை. நிலத் தகராறு டாக்டருக்கு எதற்கு என்று நினைத்தாள். அவரும் கேட்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து திரும்பிய மறுநாளே அந்தக் காகிதத்தின் நகலைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுத்தர் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பிள்ளையின் படிப்பு கெடக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு நினைப்பில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் அல்லி அடங்கிப்போனாள். வகுப்பில் வாய் திறப்பதில்லை. முகம் உப்பி, தாடைக்குக் கீழே சதை மடிந்தது. பேனா பிடித்தால் கை நடுங்கியது. சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தலை தொங்கிவிடும். வாயோரம் எச்சில் வடியும். நாலு வயதில் நின்ற பழக்கம் மறுபடியும் வந்து, பாய் நனைந்தது. காலையில் அதை அவளே யாருக்கும் தெரியாமல் வாய்க்காலில் அலசக் கொண்டுபோவாள்.

இப்போதுதான் பிள்ளை ஒழுங்காக இருக்கிறது என்று வாலாம்பாள் டீச்சர் சொல்லி அனுப்பினார். காளியம்மாளுக்கு அந்த டீச்சரின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. டாக்டர்மீது கோபம். ஆற்றில் விழுந்து செத்த ராமாயிமீது கோபம். அந்த ரத்தத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுத்த புருஷன்மீது எல்லாவற்றையும்விடக் கோபம். ஒரு சண்டையில் அதைச் சொல்லியும் விட்டாள்.

மருதையன் உண்ணுகிற தட்டைத் தள்ளிவைத்தான்.

"எங்க அக்காவ பத்திப் பேசாத. அவ பட்டது உனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் கிறுக்குன்னு பேர் வாங்கிட்டு வந்தது நீ. அத அவன் கையிலயே கொண்டு குடுத்தவளும் நீ."

அவன் எதைச் சொல்கிறான் என்று சித்திரை மாதம்தான் அவளுக்குப் புரிந்தது. நிலத் தகராறு பற்றி வருவாய்த்துறை அதிகாரி விசாரணை வைத்தார். அல்லி பார்த்ததைச் சொல்ல வந்திருந்தாள். அழைத்ததும் மெதுவாக எழுந்து, நாற்காலிக் கையைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாய் திறக்கும் முன்பே நாகேஸ்வரனின் வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். பள்ளியின் தேதி முத்திரை அதில் அப்படியே இருந்தது. சிறுமிக்குத் தீராத மனநோய் என்றும், இல்லாததை இருப்பதாக நினைக்கக்கூடிய நோய் என்றும், பெற்ற தாயே அழைத்துப்போய் வாங்கிய சான்று என்றும் வக்கீல் விளக்கினார். அதிகாரி காகிதத்தைப் படித்தார். அல்லியைப் பார்த்தார். உப்பின முகமும் நடுங்குகிற கையும் காகிதத்துக்குச் சாட்சி சொல்லின. பாப்பா போய் உட்காரட்டும் என்றார். வேறு சாட்சி இருந்தால் அடுத்த தேதியில் கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் காரில் ஏறப்போன நாகேஸ்வரனை மருதையன் நோக்கிப் போனான். இரண்டு காவலர்கள் நடுவில் வந்தார்கள். நாகேஸ்வரன் நிதானமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, குழந்தையை நல்ல டாக்டரிடம் காட்டு என்று மட்டும் சொன்னார். அந்த அக்கறைதான் காளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருதையன் மாத்திரை அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தான். காளியம்மாள் தடுக்கவில்லை.

இரண்டு நாள் அல்லி நன்றாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். நாலாம் நாள் காலையில், குழாயடியில் குடத்தோடு நின்றவள் அப்படியே விறைத்து விழுந்தாள். கண் மேலே சொருக, பல் கிட்டி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஊர் கூடியது. சாவிக்கொத்தைக் கையில் கொடு என்று யாரோ சொன்னார்கள். காளியம்மாள் அவளை ஒருக்களித்துப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். மருதையன் கைகட்டி நின்றான். அவன் முகம் செத்த முகம்போல் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இழுப்பு நின்று இரண்டு நாள் கழித்து, மனநல டாக்டர் ஒருவர் வார்டுக்கு வந்தார். பெயர் அப்துல் வஹாப். ஐம்பது வயது இருக்கும். பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் எழுந்திருக்கவில்லை. முதலில் தாயிடம், அப்புறம் தகப்பனிடம், அப்புறம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அல்லியிடம் பேசினார். அல்லி அவரிடம் பொக்லைன் பற்றிச் சொன்னாள். இரும்புப் பட்டை எந்தப் பக்கம் போனது என்பதைக்கூடப் படம் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடினால் அது மறுபடியும் திரும்புகிறது, அதனால்தான் தூங்குவதில்லை என்றாள். சும்மா இருந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது, அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன் என்றாள்.

அவர் வெளியே வந்து இரண்டு பேரையும் திட்டினார். வயலில் நடந்ததை முதல் டாக்டரிடம் மறைத்தது தாயின் தப்பு. கேட்காதது அந்த டாக்டரின் தப்பு. வலிப்புக்காரர்களுக்கும் கொடுக்கிற மருந்து அது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று தெரியாமல் வாய்க்காலில் போட்டது தகப்பனின் தப்பு. மருதையன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

காளியம்மாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவளுக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது.

"அப்ப எம்புள்ளைக்கு அந்த நோவு இல்லங்க. இல்லன்னு எழுதிக் குடுங்க."

"அப்படி எழுத முடியாதும்மா."

"ஏன் முடியாது? இப்ப நீங்கதான சொன்னீங்க, பயத்துலதான் புள்ள தூங்கலன்னு."

"பயம் இருக்கு, அது நிச்சயம். அந்த நோயும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்க நாத்தனார் கதைய நான் தூக்கிப் போடமாட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளை துள்ளும், கத்தும், முடங்கும். அதுல எது நோய், எது வயசு, எது பட்ட அடின்னு ஒரு நாள்ல யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆமான்னு அவசரப்பட்டு அவர் எழுதினார். இல்லன்னு அவசரப்பட்டு நான் எழுதினா, நானும் அவரும் ஒண்ணு."

"நீங்களும் அவுங்க பக்கந்தானா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. டாக்டர் கோபப்படவில்லை. பேனாவைத் திறந்து, தான் கண்டதை மட்டும் எழுதினார். கடுமையான அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கமின்மை, பயம்; நோயின் பெயர் இன்னும் முடிவாகவில்லை; குறைந்தது இரண்டு வருஷம் பார்த்த பிறகே சொல்ல முடியும்; பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் தெளிவு குழந்தைக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாத்திரையை ஒரேயடியாக விடாமல், நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று நாள்காட்டியில் குறித்துவர வேண்டும் என்றார்.

காளியம்மாள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தாள். 'முடிவாகவில்லை' என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் விரலால் மறைத்துக்கொண்டு படித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒன்றியப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது. எழுத்தர் சான்றிதழை எழுதி நீட்டினார். குறிப்பு என்ற கட்டத்தில் 'மனநோய் சிகிச்சையில் உள்ளவர்' என்று சிவப்பு மையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே தாளாளர் அறைக்குள் போனாள்.

நாகேஸ்வரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வேறு சான்றிதழ் வேண்டும் என்று சொன்னாள். தான் கொண்டுவந்து கொடுத்த பழைய காகிதத்தின் நகலையும் கோப்பிலிருந்து எடுத்துத் தரவேண்டும் என்றாள். கோப்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான், பள்ளிக்கு வந்த ஆவணம் பள்ளியின் சொத்து என்று அவர் பேப்பரிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். அடுத்த பள்ளிக்காரர்களை எச்சரிக்க வேண்டியது தன் கடமை என்றும் சொன்னார்.

அவர் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன. காளியம்மாளின் மாமனார் மிராசு வீட்டு வாசலைத் தாண்டினதில்லை. மருதையன் அந்த அறையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறான், உட்கார்ந்ததில்லை. அவள் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

நாகேஸ்வரன் பேப்பரைத் தாழ்த்தினார்.

"எந்திரி."

"எழுதிக் குடுத்தா எந்திரிக்கிறேன்."

"வேலை கெடறது. போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு," என்றாள் காளியம்மாள். அவரை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. "வந்ததும் அவங்ககிட்ட கேப்பேன். பள்ளிக்கூடத்துக்குன்னு வாங்கின காகிதம் உன் வக்கீல் கைக்கு எப்படிப் போச்சுன்னு. பெரிய டாக்டர் எழுதினது என்கிட்ட இருக்கு. கலெக்டர் ஆபீஸ் வாசல்லயும் இதேமாதிரி உக்காருவேன். எனக்கு வேற வேலை இல்ல. நடவு வைக்க வயலயும் நீ விட்டுவைக்கல."

அவர் எழுத்தரைக் கூப்பிட்டு இவளை வெளியே அனுப்பச் சொன்னார். எழுத்தர் கதவருகே வந்து நின்றார், கிட்டே வரவில்லை. மணி பத்தரை. முதல் மணி அடித்தது, அடுத்த மணி அடித்தது. பிள்ளைகள் சன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நாகேஸ்வரன் எழுந்து வெளியே போனார், திரும்பி வந்தார், போனில் யாரிடமோ பேசினார். அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாலாம்பாள் டீச்சர் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், புதிய படிவம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"எழுதிக் கொடுத்துடுங்கோ சார். பாவம், குழந்தை. அன்னிக்கு நீங்க கும்பகோணம் கல்யாணத்துக்கு லேட்டாத்தான் வந்தேள்."

நாகேஸ்வரன் டீச்சரை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, முத்திரை வைத்தார். கோப்பிலிருந்த நகலை மட்டும் கடைசிவரை தரவில்லை.

அந்த டீச்சருக்கு அடுத்த வருஷம் வேலை நீட்டிப்புக் கிடைக்கவில்லை. காளியம்மாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லக் கெஞ்சினாள். இதற்குமேல் என்னால் முடியாது, பேசுவதைப் பேசிவிட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார். ஆனாலும் அப்துல் வஹாப்பின் காகிதத்தை வைத்து, அல்லியின் வாக்குமூலத்தை மறுபடியும் எடுக்க அதிகாரி ஒத்துக்கொண்டார். அல்லி சொன்னாள். குடையின் நிறத்தை மட்டும் மாற்றிச் சொன்னாள். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்.

ஆட்சி மாறியது. மனை போட வந்தவன் கட்சித் துண்டின் கரையை மாற்றிக்கொண்டான். நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தடை வந்தது. ஒரு வருஷம் போராடி, வழக்கு முடியும்வரை மருதையனே உழலாம் என்று அது திருத்தப்பட்டது. வாரிசுப் பதிவு இன்னும் ஆகவில்லை. நாகேஸ்வரன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். வாய்தாவுக்கு மட்டும் வருவார். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போவார்கள்.

அல்லியின் மாத்திரை அந்த ஆவணியிலேயே முழுவதும் நின்றது. முகம் வற்றி, கை நடுக்கம் போய், பாய் நனைவதும் நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரிடம் படம் போட்டும் பேசியும் மெல்லத் தூங்கப் பழகினாள். பதினொரு வயதில் ஒரு கார்த்திகையில் மட்டும் பன்னிரண்டு நாள் மறுபடியும் முடங்கிக் கிடந்தாள். அதற்கு முன்னால் துள்ளலும் இல்லை, வயலில் தகராறும் இல்லை. காளியம்மாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இதுதானா என்று கேட்டாள். அப்துல் வஹாப், இன்னும் சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் என்ற வார்த்தையை அவள் வெறுத்தாள். அவரைவிட நல்ல டாக்டர் இல்லை என்றும் அவளுக்குத் தெரியும்.

அல்லி எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரசாங்கம் கொடுத்த டிவியில் எதையோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அடுப்படியில் இருந்த காளியம்மாள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். சிரிப்பு எவ்வளவு நேரம் போகிறது, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள், பேச்சில் வேகம் கூடியிருக்கிறதா என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அதே காட்சிக்குச் சிரித்துக்கொண்டிருந்த மருதையன்கூட அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அல்லி திரும்பினாள். சிரிப்பு முகத்திலிருந்து வடிந்துபோயிருந்தது.

"அந்த மாதிரிப் பாக்காதம்மா," என்றாள். "அந்த மிஷின்கூட என்னை அப்படிப் பாக்கல."

எழுந்து டிவியை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று கேட்கக் காளியம்மாள் வாய் எடுத்தாள். மருதையன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். உலையில் சோறு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.